குறையாத பொன்

செல்வம் நிலையற்றது என்பதை உணர்வதற்குப் புராணங்களைப் புரட்ட வேண்டியதில்லை. கோலார் தங்கவயலை நினைத்தாலே போதும். வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், தலைமுறை தலைமுறையாக, மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கிப் பொன் எடுத்தார்கள். கல்தூசியால் பலருடைய நுரையீரல் கெட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் போயிற்று; வேலையும் போயிற்று.

அப்படியானால் நிலைக்கும் பொன் எது? தங்கவயலுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் வாழ்ந்த ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரின் (1827–1910) வாழ்வு இதற்கு விடை தருகிறது. எளிய குடும்பத்தில் தோன்றி, வணிகத்தால் உயர்ந்தவர் அவர். 1868-இல் நிறைவுற்ற அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரரும் அவரே. கர்நாடக உயர்நீதிமன்றம் இன்றும் அங்கே இயங்குகிறது. எனினும் அவரது பெயரைத் தாங்கி நிற்பது அக்கட்டிடம் அன்று. 1873-இல் அவர் தொடங்கிய பள்ளியும், அதிலிருந்து வளர்ந்த கல்வி அறநிலையமுமே. 'தர்மரத்னாகரர்' என்ற பட்டமும் அறத்திற்காகவே அவரை வந்தடைந்தது.

கைம்மாறு கருதாமல், தக்கவருக்குத் தக்க காலத்தில் அளிப்பதையே கீதை சாத்விக தானம் என்கிறது. தமக்கு எதையும் திருப்பித் தர இயலாத, இன்னும் பிறவாத குழந்தைகளுக்கும் சேர்த்தே அவர் அளித்தார்.

இன்று தங்கவயல் மக்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுக்குத் துணையாவது, பெற்றோர் அரும்பாடுபட்டுத் தந்த கல்வியே. நம் செல்வத்தில் ஒரு பகுதி, பிறர் வீட்டுக் குழந்தையின் கல்விக்குச் செல்கிறதா? இதை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.