தானாக ஓடும் கோடு

சில வருடங்களுக்கு முன்னர் நான் எழுதிய கவிதையொன்று எனக்கு நெருக்கமான ஒருவரைப் புண்படுத்திவிட்டது. அவர் கேட்டபோது, "நான் எழுதவில்லை, அது தானாக வந்தது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எழுதுகிறவர்களில் பலரும் சொல்லும் பதில்தான் இது. சர்ரியலிச ஓவியங்களை ஊன்றிப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்தப் பதில் என்னை உறுத்துகிறது.

பகுத்தறிவின் கட்டுப்பாடோ அழகு, அறம் பற்றிய கவலையோ இன்றி மனம் தானாக இயங்குவதே சர்ரியலிசம் என 1924 இல் தனது அறிக்கையில் அந்த்ரே பிரெத்தோன் வரையறுத்தார். அவரோடு இணைந்த அந்த்ரே மஸோன், மை தொட்ட பேனாவை எந்தத் திட்டமுமின்றித் தாளில் ஓடவிட்டார். கோடு சுழன்றது, மடங்கியது, தன்னையே வெட்டிக்கொண்டு போனது. அந்தச் சிக்கலிலிருந்து ஒரு கையோ மீனோ பறவையோ எட்டிப் பார்த்தது. அசையாத தாளில் நாம் அசைவை உணர்வது இதனால்தான். ஓடுகின்ற ஒன்றை அவர் வரையவில்லை; கை ஓடிய தடமே படமாகி நிற்கிறது. பார்ப்பவரின் கண்ணும் அதே வழியில் ஓடுகிறது.

மஸோன் முதலாம் உலகப் போரில், 1917 இல், படுகாயமடைந்தவர். திட்டமில்லாத கை வெறுங்கையல்ல. அது பட்டதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

1925 இல் மக்ஸ் ஏர்ன்ஸ்ட் தரைப்பலகையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். மரத்தின் ரேகைகள் தாளில் ஏறின. அவற்றில் காடும் கடலும் பறவைகளும் தெரிந்தன. பலகையில் காடு இல்லை. காட்டைக் கண்டதும், அதைக் காடாக விட்டுவைத்ததும் ஏர்ன்ஸ்ட்தான்.

ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் பாரிஸில் நடத்திய அட்டெலியே 17 என்ற அச்சோவியக் கூடத்தில் இந்தக் கோடு செப்புத் தகட்டுக்கு வந்தது. அங்கே வலக்கை உளியை முன்னே தள்ள, இடக்கை தகட்டைச் சுழற்றும். உளியும் நகர்கிறது, நிலமும் நகர்கிறது. அந்த இரட்டை அசைவில் பிறந்த வளைவுகள் ஹேய்ட்டரின் படங்களில் சாட்டைபோலச் சுழல்கின்றன. ஆனால் செம்பு தாளைப்போல இலகுவில் இடம் கொடுக்காது. வெட்டிய பள்ளத்தை எளிதில் அழிக்கவும் முடியாது. வெட்டி முடிந்த பின்னர் மை பூசி, துடைத்து, தாளை வைத்து அழுத்தியில் செலுத்த வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் இந்த வேலை மறுபடியும் நடக்கிறது. கோடு தானாக வந்திருக்கலாம்; பிரதி ஒருபோதும் தானாக வராது. 1939 இல் ஸ்பானியப் போரில் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கு உதவ இதே கூடத்தார் ஓர் அச்சோவியத் தொகுதியை வெளியிட்டார்கள். அறக் கவலை அங்கே வெளியில் நிற்கவில்லை.

நமது மார்க்கம் செயலை நிய்யத்தைக் கொண்டு எடைபோடுகிறது. நிய்யத் இல்லாமல் ஓடிய கோட்டுக்கு யார் பொறுப்பு? கோடு ஓடும்போது நிய்யத் இல்லாதிருக்கலாம். கை நின்று, கண் பார்த்து, "இது இருக்கட்டும்" என்று மனம் ஒப்புகின்ற இடத்தில் அது வந்துவிடுகிறது. கற்பனைக்குக் கடிவாளம் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அது ஓடட்டும். அது எங்கே போய் நின்றது என்று பார்க்கும் கடமை நமக்குரியது.

எனது கவிதை தானாகவே வந்திருக்கலாம். ஆனால் அதைத் திரும்ப வாசித்து, செம்மையாகப் பிரதியெடுத்து, உறையிலிட்டு, முத்திரை ஒட்டித் தபாலில் சேர்த்தவன் நான். அவரிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.