கருவியின் கோளாறு

இறுதியாண்டு புராஜெக்டில் நான் பதினொரு பதிவுகளை அழித்தேன். இதைப் பெரிய குற்றம் என்று சொல்ல முடியாது. யாருக்கும் நஷ்டம் இல்லை. எனக்கு ஏ கிடைத்தது. குடும்பத்தோடு பட்டமளிப்புக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். ஆனாலும் ஏழு வருடமாக அந்தப் பதினொன்றும் அவ்வப்போது ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலைத்தொட்டி இருந்தது. 15 மீட்டர் நீளம், அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். ஒரு முனையில் மோட்டாரால் முன்னும் பின்னும் ஆடும் பலகை, மறுமுனையில் அலையை விழுங்கிக்கொள்ள ஒரு சரிவு. பலகை ஒரே சீராக ஆடினால் ஒரே சீரான அலைகள் வர வேண்டும். அவற்றின் வடிவத்தைச் சூத்திரத்தோடு ஒப்பிடுவதுதான் என் வேலை. பலகைக்குப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பதினோராவது மீட்டரில் இருந்த கடைசி அளவியில் மட்டும் அலைகள் ஒத்துழைக்கவில்லை. நாலைந்து அலை கொழுத்து வரும், அடுத்த நாலைந்து மெலிந்து போகும், மறுபடி கொழுக்கும்.

"பழைய மோட்டார் தம்பி, பேரிங் போயிருக்கும்," என்றார் டெக்னீஷியன் அண்ணன். சூப்பர்வைசரிடம் போனேன். "அதையெல்லாம் தனியா வை. நல்லா வந்ததை வச்சு முடி. இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு." அவர் தனியாக வைக்கத்தான் சொன்னார். அழித்தது நான். வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, மில்டன் வான் டைக் 1982இல் தொகுத்த பாய்மங்களின் படநூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே அலைத்தொட்டியின் இரண்டு புகைப்படங்கள் அதில் இருந்தன. முதல் படத்தில், அலையெழுப்பிக்குப் பக்கத்தில், சீப்பால் வாரிவிட்டதைப் போன்ற அலைகள். இரண்டாவது படம் சுமார் 60 மீட்டர் தள்ளி எடுத்தது. அதே அலைகள்தான், ஆனால் ஒழுங்கு குலைந்து கொத்துக்கொத்தாகச் சிதறியிருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்தவர் புரூக் பெஞ்சமின். 1929இல் பிறந்த ஆங்கிலேயர். லிவர்பூலில் முதலில் படித்தது பொறியியல். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், கடைசியில் ஆக்ஸ்போர்டில் கணிதப் பேராசிரியர். தண்ணீருக்குள் குமிழிகள் எப்படி நொறுங்குகின்றன, சுழல்கள் எப்படி உடைகின்றன, தனித்து ஓடும் அலை ஏன் கலையாமல் ஓடுகிறது என்று வாழ்நாள் முழுக்க நேரியலற்ற விஷயங்களையே துரத்தியவர். நேரியலற்றது என்றால், தள்ளுவதை இரண்டு மடங்காக்கினால் விளைவும் இரண்டு மடங்காகும் என்று நம்பியிருக்க முடியாத உலகம். 1995இல் இறந்தார்.

1960களில் அவரும் அவருடைய ஆய்வு மாணவர் ஃபீரும் ஆழ்நீரில் சீரான அலைத்தொடரை உண்டாக்க முயன்றார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கொஞ்ச தூரம் போனதும் அலைகள் குலைந்தன. எந்தப் பொறியியலாளரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். முதலில் கருவியைச் சந்தேகித்தார்கள். கணிதத்தைச் சந்தேகிக்க இடமில்லை. சீரான அலைக்கான தோராயத் தீர்வை ஸ்டோக்ஸ் 1847லேயே எழுதிவிட்டார். அப்படிப்பட்ட அலை சமன்பாடுகளில் உண்மையிலேயே உண்டு என்பதை 1920களில் நெக்ராசோவும் லெவி-சிவிட்டாவும் கறாராக நிறுவிவிட்டார்கள். இவ்வளவு பேர் சொன்ன பிறகு தப்பு மோட்டாரில்தானே இருக்க வேண்டும்?

தப்பு மோட்டாரிலும் இல்லை, ஸ்டோக்ஸிடமும் இல்லை. நூற்றுச் சொச்சம் வருடமாக யாரும் சரியாகக் கேட்காத ஒரு கேள்வியில் இருந்தது. அந்த அலை இருக்க முடியுமா என்று கேட்டார்கள். இருந்தால் நிலைக்குமா என்று கேட்கவில்லை. பென்சிலை முனையில் நிறுத்துவதற்கும் சமன்பாட்டில் தீர்வு உண்டு. யார் மேசையிலும் அப்படி ஒரு பென்சில் நிற்பதில்லை.

உருமி மேளக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே தாளத்தில் அடிக்கிறார்கள். ஒருவர் மட்டும் ஒரு மயிரிழை வேகமாக, இன்னொருவர் ஒரு மயிரிழை மெதுவாக. சாதாரணமாக அந்த இரண்டும் பெருஞ்சத்தத்தில் கரைந்துபோகும். ஆழ்நீர் அலையில் நடப்பது வேறு. அந்த இரண்டு சின்னப் பிசகுகளுக்கும் முதன்மைத் தாளமே தன் பலத்தைக் கொடுத்து வளர்க்கிறது. கடைசியில் அவையே தாளத்தைக் கலைத்துவிடுகின்றன. அலைநீளம் நீரின் ஆழத்தைப்போல் சுமார் 4.6 மடங்குக்குக் குறைவாக இருந்தால் இது நடக்கும். 1967இல் வெளியான இந்த முடிவை இன்று பெஞ்சமின்-ஃபீர் நிலையின்மை என்கிறார்கள். அதே காலத்தில் சோவியத் நாட்டில் சகரோவ், பிரிட்டனில் லைட்ஹில், அமெரிக்காவில் விதம் ஆகியோரும் வேறு வழிகளில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதைப் படித்த இரவு, என் தொட்டிக்குக் கணக்குப் போட்டேன். ஆழம் அரை மீட்டர், அலைநீளம் சுமார் ஒரு மீட்டர். நிபந்தனைக்குள் தாராளமாக வருகிறது. பதினோரு மீட்டருக்குள் ஒரு சின்னப் பிசகு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கலாம். ஆனால் மறுமுனைச் சரிவில் பட்டுத் திரும்பிய அலைகளும் அதே குழப்பத்தைத் தந்திருக்கலாம். பேரிங்காகவும் இருந்திருக்கலாம். பதிவுகள் கையில் இருந்தால் அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். எந்தெந்த அதிர்வெண்கள், எங்கிருந்து எங்கே வளர்ந்தன என்று பார்த்தால் போதும். கையில் இல்லை. நான் தவறை அழித்ததாக நினைத்தேன். உண்மையில் அழித்தது, அது தவறா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை.

கதையை இங்கே நிறுத்தினால் பாடம் சுலபம். விதிக்கு அடங்காததைக் கொண்டாடு, ஒதுக்கப்பட்டதில்தான் உண்மை இருக்கிறது என்று. இலக்கியம் படிக்கிற நமக்கு இந்தப் பாடம் ரொம்பப் பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறில் தொண்ணூற்றைந்து தடவை அது பேரிங்தான். 2011 செப்டம்பரில் ஓபரா ஆய்வுக்குழு, செர்னிலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ ஆய்வுக்கூடத்துக்கு நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்துவிட்டதாக அறிவித்தது. அடுத்த வருடம் காரணம் தெரிந்தது. சரியாகப் பொருத்தாத ஒரு ஒளியிழை இணைப்பு. ஐன்ஸ்டைனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெஞ்சமினும் ஃபீரும் ஒழுங்கின்மையை நம்பிவிடவில்லை. அதைக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் செய்த சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தொந்தரவை ஒழிப்பதை விட்டுவிட்டு, அதே தொந்தரவை அளந்து, வேண்டுமென்றே அலையெழுப்பியில் சேர்த்தார்கள். பிசகு இவ்வளவு என்றால் இந்த வேகத்தில் வளர வேண்டும் என்று கணக்கு சொன்னது. வளர்கிறதா என்று பார்த்தார்கள். வளர்ந்தது. கோளாறு என்று நினைத்ததையே கருவியாக்கிக்கொண்டார்கள். ஓபரா குழுவும் தங்களுக்கே நம்பிக்கை வராத எண்ணை மறைக்காமல், "எங்கே தப்பு என்று பாருங்கள்" என்று மற்றவர்கள் முன் வைத்தது. ஒரு குழு சரி, இன்னொரு குழு தவறு. நேர்மையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

அதனால் அறம் என்பது எது உண்மை என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதில் இல்லை என்று நினைக்கிறேன். யாருக்கும் அது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு வார்த்தையால் மூடாமல் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 'கருவிக் கோளாறு' அப்படிப்பட்ட வார்த்தை. மனிதர்களுக்கும் வைத்திருக்கிறோம்: 'அவன் எப்பவும் அப்படித்தான்', 'அந்த வீட்டுப் பிள்ளைங்க வேற எப்படி இருக்கும்'. விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு.

போன மாதம் ஒரு பம்பின் அதிர்வு அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆறு சென்சார்களில் ஒன்று மட்டும் தாறுமாறாகக் காட்டியது. "சென்சார் பிரச்சினைன்னு போட்டு அனுப்புங்க," என்றார் உடன் வேலை செய்பவர். போடவில்லை. 'காரணம் தெரியவில்லை, நிறுத்திப் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். அரை நாள் பம்பை நிறுத்தினார்கள். மேலதிகாரி கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் திறந்து பார்த்தால், கேபிள் லூஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பதிவை மட்டும் அழிக்கவில்லை. பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஒன்றைப் பற்றியாவது, அது என்ன என்று எனக்குத் தெரியும்.