கடிதம் கேட்காத சோறு

திருகோணமலைத் துறைமுகத்தின் சீனக்குடாவில் கப்பல்கள் கோதுமையை இறக்குகின்றன. பிரிமா ஆலை அரைக்கும் மா ஊர் ஊராகப் போய்ப் பாணாகிறது. அதே துறைமுகத்தைச் சுற்றி மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் விடியலில் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் படிக்க வரும் பிள்ளைகளில், பகல் இடைவேளையை ஒரு பிளேன்டியோடு முடித்துக்கொள்பவர்களும் உண்டு. கையிலிருப்பது பஸ் காசுக்கா, சோற்றுப் பார்சலுக்கா என்று வந்தால் பஸ் காசுதான் வெல்லும். பஸ் தவறினால் வகுப்புப் போகும். சோறு தவறினால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பிறகு வீதம் இறங்கியது, விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 1945 முதல் கல்வியை இலவசமாக்கிய நாடு இது. பாடசாலைச் சாப்பாடோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பசி அந்தப் பிள்ளையின் சொந்தப் பாடு.

இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் பிணக்கில்லை. யாருக்கு என்பதில்தான் சிக்கல். இருக்கும் காசு கொஞ்சம். வசதியுள்ளவனும் வரிசையில் நின்றால் இல்லாதவனின் பங்கு குறையும். ஆகவே வசதியில்லை என்று கிராம சேவகர் தரும் கடிதத்தோடு வரட்டும் என்பார்கள். இதைச் சொல்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்களின் நியாயமான கவலை அது.

ஆனால் வறுமையை அளக்கும் கோல் எவ்வளவு பிழைக்கும் என்பதை 2023இல் அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டம் காட்டியது. லட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். கோல் பிழைக்காவிட்டாலும் ஒன்று மிஞ்சும். பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை தோழிகள் பார்க்க அந்தக் கடிதத்தை நீட்டுவதைவிடப் பட்டினி கிடப்பாள். அப்போது கடிதம் வடிகட்டுவது வசதியுள்ளவனை அல்ல, மானமுள்ளவளை. தேவையில்லாத ஒருவன் ஒரு தட்டுச் சோறு உண்பதால் வரும் நட்டம் ஒரு தட்டுச் சோறுதான். தேவையுள்ள ஒருத்தி உண்ணாமல் திரும்பினால் அவளுடைய படிப்பே போய்விடலாம். இரண்டு பிழைகளும் ஒரே எடையல்ல.

இந்த ஊருக்கு இது புதிய அறமும் அல்ல. கோயில் அன்னதானப் பந்தியிலும், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வரிசையிலும், வெசாக் தன்சலிலும் யாரும் யாரிடமும் வருமானம் கேட்பதில்லை. மூன்று சமூகங்களும் தனித்தனியே வந்துசேர்ந்த முடிவு இது. குறை ஒன்றுதான்: திருவிழா முடிந்ததும் அந்த அடுப்புகள் அணைந்துவிடும். பசிக்கு அப்படி நாள் எதுவும் இல்லை.

ஆகவே கல்லூரிக் கன்டீனில் பகல் சோறு எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். வாசலில் ஓர் உண்டியல் போதும். இயன்றவர் இயன்றதைப் போடட்டும், யார் போட்டார் என்று யாரும் பார்க்க வேண்டாம். குறையும் காசைப் பழைய மாணவர்களும், கோயில், பள்ளிவாசல், விகாரை நிர்வாகங்களும், துறைமுகத்தால் வாழும் நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளுங்கள். அடுத்த தவணை தொடங்கும் நாளிலேயே அடுப்பை மூட்டுங்கள். கடிதம் மட்டும் கேட்காதீர்கள்.