மோசே செய்ததையே உடைத்த ராஜா

எசேக்கியா ராஜா உடைத்தவைகளில் ஒன்று பாகாலுடையது அல்ல. மோசே செய்தது! கர்த்தரே செய்யச் சொன்னது (எண்ணாகமம் 21:8). பாம்பு கடித்தவன் அந்த வெண்கலச் சர்ப்பத்தைப் பார்த்துப் பிழைத்தான். பல நூறு வருஷம் கழித்து ஜனங்கள் அதற்கே தூபம் காட்டினார்கள். "பரிசுத்தப் பொருளாச்சே" என்று ராஜா தயங்கவில்லை. உடைத்து, நிகுஸ்தான் என்று பேரிட்டான் (2 இராஜாக்கள் 18:4). வெறும் வெண்கலம்தானேப்பா என்கிற மாதிரி!

விக்கிரகத்தைச் செய்யாதே, வணங்காதே என்பது யூதருக்கு நியாயப்பிரமாணம். எசேக்கியா செய்தது சரியே என்று ரபீமார்கள் ஒத்துக்கொண்டதைத் தல்மூத் சொல்லுகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவோ, சர்ப்பமா பிழைக்க வைத்தது என்று கேட்கிறது. மேலே நோக்கி, பரலோகப் பிதாவுக்கு இருதயத்தைத் தாழ்த்தினபோதுதான் சுகம் வந்ததாம்.

நம்ம வீட்டில் சிலை இல்லைதான். ஜெபித்த எண்ணெய் பாட்டில்? "எண்ணெய் தீர்ந்துபோச்சு பாஸ்டர், அதான் மகனுக்கு வேலை அமையல" என்றார்கள் ஒரு சகோதரி. எண்ணெய் பூசி ஜெபிப்பது வேதத்தில் உண்டு (யாக்கோபு 5:14), நான் மறுக்கவில்லை. சர்ப்பமும் வேதத்தில் உண்டே! முழங்கால்படியிட்டு எத்தனை நாளாச்சும்மா என்றேன். பதில் இல்லை. அங்கேயே சேர்ந்து ஜெபித்தோம். காலி பாட்டிலை என்ன செய்ய என்று கேட்டார்கள். கழுவி, தாளிக்கிற எண்ணெய் ஊற்றி வைங்கம்மா என்றேன்.