வெகுளியை அடக்குதலும் அறிதலும்

பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் கற்பித்தல் உபாத்தியாயர் கடன் என்பது யாவர்க்கும் உடன்பாடு. அப்பிள்ளைகளின் மனத்திலே எழும் கோபம், பயம், துக்கம், பொறாமை என்பவற்றை அவர்கள் தாமே அறிந்து தம் வசப்படுத்தப் பயிற்றுதலும் அக்கடனுள் அடங்குமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது. அடங்கும் என்பதும், அப்பயிற்சி அடக்குதலினின்று தொடங்காது அறிதலினின்றே தொடங்கற்பாலது என்பதும் எமது துணிபு.

எமது அநுபவம் ஒன்றை முதலிற் கூறுவாம். 1996 ஆம் ஆண்டில், போரினால் இடம்பெயர்ந்த பிள்ளைகள் பலர் எமது வகுப்பிற் புதிதாக வந்து சேர்ந்திருந்தனர். அவருள் ஒருவன் ஒருநாள் தன் பக்கத்திலிருந்தவனுடைய கொப்பியைப் பிடுங்கிக் கிழித்து, அவன் கன்னத்திலும் அறைந்தான். காரணம் வினாவியபோது வாய் திறந்திலன். யாம் அம்மௌனத்தை அகங்காரமென்று கருதிப் பிரம்பினால் அடித்தோம். அவன் அழவுமில்லை. மறுநாள் அவனுடைய அம்மம்மா வந்து, அவன் தந்தை இறந்து ஓராண்டு நிரம்பவில்லை என்றும், அந்தக் கொப்பியை வைத்திருந்த பிள்ளை, “இது அப்பா வாங்கித் தந்தவர், உனக்கு ஆர் வாங்கித் தாறது?” என்று கேட்டானென்றும், அதனை இரவிலே தம்மிடம் சொல்லியே அவன் அழுதானென்றும் கூறினார். அவனகத்தே இருந்தது துக்கம். புறத்தே தோன்றியது கோபம். எம்மிடத்தே இருந்ததும் கோபமே. அதற்கு யாம் இட்ட பெயர் சிட்சை. தன்னுள் எழுந்தது இன்னதென அவனும் அறிந்திலன். எம்முள் எழுந்தது இன்னதென யாமும் அறிந்திலேம். அவனோ சிறுவன், எமக்கு அவ்வாறு சொல்லித் தப்புதற்கு இடமில்லை.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களத்திற் பிறக்கும் என்றார். செய்யுளின்பொருட்டுக் கூறப்பட்டதாயினும் அப்பாகுபாடு வகுப்பறைக்கும் பொருந்துவதே. பிறரால் இகழப்படுதலும், உரியதை இழத்தலும், முன்னைய நிலை கெடுதலும், வறுமையுறுதலும் அழுகைக்கு நிலைக்களங்கள். மேற்சொன்ன சிறுவனிடத்து இந்நான்கும் ஒருங்கே இருந்தன. இனி, வெகுளிக்குச் சொல்லப்பட்ட நான்கனுள் வைதலும் அடித்தலுமாகிய அலைத்தலும் ஒன்று. ஆகவே, வெகுளியைத் தணிப்பதற்கென்று பிரம்பெடுப்பவர் வெகுளிக்குரிய நிலைக்களம் ஒன்றைத் தாமே படைக்கின்றார் என்க.

அற்றன்று, காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றும் கெடவேண்டும் என்பதன்றோ நம் ஆன்றோர் கொள்கை? வெகுண்ட பிள்ளையை அடக்காது, “நீ வெகுண்டாய்” என்று பெயர் சொல்லிக்கொண்டிருத்தல் அக்குற்றத்திற்கு இடங்கொடுத்தல் ஆகாதோ எனின், ஆகாது. என்னை? நோயைக் கெடுக்கவேண்டும் என்று சொல்லும் வைத்தியர் நோயை மறைக்கவேண்டும் என்று சொல்வதில்லை. அச்சத்தினால் அடங்கிய வெகுளி அழிந்ததன்று, ஒளிந்தது. அது தன்னின் மெலியான் ஒருவனைக் காணுமிடத்து மீண்டும் வெளிப்படும். உபாத்தியாயரிடம் அடிவாங்கிய பிள்ளை வீட்டிலே தம்பியை அடித்தலை நாம் காணாதோமல்லேம்.

சைவசித்தாந்தம் ஆன்மாவைப் பளிங்குக்கு ஒப்பிடும். செம்பூவைச் சார்ந்த பளிங்கு செந்நிறமாய்த் தோன்றினும், செம்மை அதன் இயல்பன்று. அவ்வாறே ஆன்மாவும் சார்ந்ததன் வண்ணமாகும். வெகுளியைச் சார்ந்த பிள்ளை தன்னையும் வெகுளியையும் வேறு பிரித்தறியாது நிற்கின்றது. “எனக்குக் கோபம் வந்திருக்கின்றது” என்று அது சொல்லக் கற்குமாயின், வந்தது வேறு, தான் வேறு என்னும் உணர்வு சிறிதேனும் உதயமாகும். “நீ கெட்டவன்” என்னும் உபாத்தியாயரோ பூவின் நிறத்தைப் பளிங்கின்மேல் ஏற்றுகின்றார்.

இக்காலத்து மனநூலாராய்ச்சியும் இதற்கு அரணாகின்றது. அமெரிக்காவிலே லீபர்மன் முதலியோர் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, கோபமும் பயமும் தோன்றும் முகங்களின் படங்களைக் கண்டவர்கள் அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தெரிந்தெடுத்தபோது, மூளையிலே ‘அமிக்டலா’ என்னும் பகுதியின் கிளர்ச்சி குறைந்தமை காணப்பட்டது. 2011 இல் டர்லாக் முதலியோர், மாணாக்கர்க்கு இத்தகைய பயிற்சி அளித்த 213 திட்டங்களை ஒருங்கே ஆராய்ந்தனர். அவற்றிலே 270,000 மாணாக்கர் வரையிற் பங்குகொண்டிருந்தனர். பயிற்சி பெற்றோரிடத்தே நன்னடையோடு கல்வித் தேர்ச்சியும் உயர்ந்திருந்தது. ஆதலின், இதற்குச் செலவிடும் பொழுது பாடத்துக்கு நட்டமாகுமென்று அஞ்சவேண்டுவதில்லை.

இனிச் செய்யற்பாலன சில கூறுவாம். முதலாவது, பிள்ளைக்குச் சொற்கள் வேண்டும். ‘கோபம்’ என்னும் ஒரு சொல்லையே அறிந்த பிள்ளை ஏக்கத்தையும், வெட்கத்தையும், பொறாமையையும் கோபமென்றே எண்ணும், கதை வாசிக்கும்போது, “இவனுக்கு இப்பொழுது என்ன உணர்வு? எதனால் வந்தது?” என்று வினாவி அச்சொற்களை வழங்கச் செய்க. இரண்டாவது, உணர்வு மிக்கெழுந்தவிடத்து உபதேசம் செய்யற்க. மூச்சை மெல்ல விடவும், நீர் அருந்தவும், சிறிது தனித்திருக்கவும் இடங்கொடுத்து, தணிந்தபின் வினாவுக. மூன்றாவது, உணர்வுக்குத் தண்டம் இல்லையெனினும் செயலுக்குப் பொறுப்பு உண்டென்பதை உணர்த்துக. கொப்பியைக் கிழித்தவன் கிழிந்த பாடத்தைத் தன் கையாலே எழுதிக் கொடுத்தல் வேண்டும். “உனக்கு ஆர்” என்று கேட்டவனும் தன் சொல் செய்த புண்ணை அறிதல் வேண்டும். யாம் அன்று இவ்விரண்டனுள் ஒன்றையும் செய்திலேம்.

இவை யாவற்றுக்கும் முன்னே நிற்பது உபாத்தியாயரின் தன்னறிவு. 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையினாலே கல்வி அமைச்சு பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிற்று. சுற்றறிக்கை பிரம்பை விலக்கவல்லது. பிரம்பை எடுத்த வெகுளியை விலக்குதல் அவரவர் கையிலேயே உள்ளது. பிரம்பில்லாத நாவும் அலைக்கவல்லதே. கடுஞ்சொல் வாய்வருமுன், “இவன் குற்றத்தினாலோ, என் களைப்பினாலோ, என் மதிப்புக் குறைந்ததென்னும் எண்ணத்தினாலோ யான் வெகுள்கின்றேன்?” என்று ஒருகணம் தம்மை வினாவுக. தவறு நேர்ந்தவிடத்து, “நான் கோபத்திலே பேசிவிட்டேன், அது பிழை” என்று பிள்ளையிடம் சொல்லுதலால் உபாத்தியாயரின் பெருமை குன்றாது. வெகுளி வந்தபோது நல்லோர் என்ன செய்வர் என்பதைப் பிள்ளை அவ்வொரு வார்த்தையினாலே கற்றுக்கொள்ளும்.

எமது மாணாக்கனிடம் யாம் அவ்வார்த்தையைச் சொல்லுமுன்னே, அவன் குடும்பம் மீண்டும் இடம்பெயர்ந்து சென்றுவிட்டது. இதனை வாசிக்கும் உபாத்தியாயர்களுக்கோ, நாளைக் காலையிலே வகுப்பு உண்டு.