நூல் முனையில் ஒரு முடிச்சு

ஊசியில் நூல் கோத்த தையற்காரர் அடுத்துச் செய்வது, அதன் முனையில் முடிச்சிடுவது. நுனியை வளைத்து, வளையத்தினுள் நுழைத்து இழுத்தால் தீர்ந்தது. இம்முடிச்சு எதையும் எதனோடும் பிணைப்பதில்லை; நூல் துணியினின்று உருவிக்கொண்டு போகாதபடி தடுத்து நிற்கிறது, அவ்வளவே. செங்குத்தான பாறையில் கயிறு வழியே இறங்குவோரும் கயிற்றின் கடைமுனையில் இத்தகைய தடைமுடிச்சு இடுவர். முனையைக் கவனியாது இறங்கினாலும், இறங்கு கருவி முடிச்சில் தட்டி நிற்கும், உயிர் தப்பும்.

ஆயினும், முடிச்சிட்டதனால் கயிறு வலுப்பெறுவதில்லை, மாறாக, நலிவடைகிறது. வளைந்து நெருக்குண்ட இடத்தில் இழைகள் சமமாகப் பாரம் தாங்குவதில்லை. மிகுந்த இழுப்பில் கயிறு பெரும்பாலும் முடிச்சருகேதான் அறும்.

பிரான்சிஸ்கன் துறவியரின் இடைக்கயிற்றில் தொங்கும் மூன்று முடிச்சுகளும் ஏறக்குறைய இவ்வகையினவே, சுற்றுகள்தாம் கூடுதல். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடுகளை அவை குறிக்கின்றன. வார்த்தைப்பாடு மனிதனை வலுப்படுத்தும் என்றே நாங்கள் மறையுரைகளில் பேசிப் பழகிவிட்டோம். அவன் வலிமையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது என்பதையும் சொல்லவேண்டாமா? முடிச்சிடாத நூல் முழு வலிமையோடுதான் இருக்கும். தையலில் மட்டும் நில்லாது. திருமண ஓலை எழுத வரும் இளைஞரிடம் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். அதைக் கேட்டு அவர்கள் திரும்பிப் போய்விட மாட்டார்கள்.