மாண்டவ்யர் வகுத்த வயது

குள்ளஞ்சாவடியில் பஸ் ஏறினால் குறிஞ்சிப்பாடி, வடலூர் தாண்டி நெய்வேலி. அங்கே நகரியத்து நடராசர் கோயிலில் ஓர் ஆராய்ச்சி மணி இருக்கிறது. கூடவே மனுநீதி முறைப்பெட்டியும். குறையை எழுதிப் பெட்டியில் போட்டு, மணியை அடித்துவிட்டுப் போகிறார்கள் மக்கள். மகன் ஓட்டிய தேரில் சிக்கிக் கன்று செத்ததற்கு அவனையே தேர்க்காலில் இட்ட திருவாரூர்ச் சோழனின் நினைவாக வந்த பெயர் அது. அந்த இளவரசன் தேரோட்டத் தெரிந்தவன். நாலு வயதுப் பிள்ளையின் கைபட்டு ஒரு கலைப்பொருள் உடைந்தால், மணியடித்து யாரைக் கேட்பது?

2024 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் அதுதான் நடந்தது. ஹெக்ட் அருங்காட்சியகத்தின் வாசலருகே, கண்ணாடிப் பெட்டி இல்லாமல் ஒரு பெரிய ஜாடி நின்றது. வயது குறைந்தது 3,500 ஆண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் நாலு வயதுப் பையன் அதை லேசாக இழுத்தான். ஜாடி விழுந்து துண்டு துண்டானது. அவனைத் தேற்றிய தந்தை, நேரே காவலரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அருங்காட்சியகம் குடும்பத்தை மறுபடி அழைத்துச் சுற்றிக் காட்டியது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2018-இல் கதை வேறு. ஒரு சமூகக் கூடத்தில் ஐந்து வயதுச் சிறுவன் பிடித்த சிலை சாய்ந்தது. பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று பெற்றோரிடம் 1,32,000 டாலர் கேட்டது காப்பீட்டு நிறுவனம். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் சிலையை ஏன் இறுக்கிப் பொருத்தவில்லை என்பது பெற்றோரின் கேள்வி. நியாயமான கேள்வி.

இந்த வழக்கு நம் மரபுக்குப் புதிதல்ல. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் மாண்டவ்ய முனிவர் செய்யாத திருட்டுக்குக் கழுவேற்றப்படுகிறார். என்ன பாவம் செய்தேன் என்று யமதர்மனிடம் போய்க் கேட்கிறார். சிறு பிள்ளையாக இருந்தபோது பூச்சியைப் புல்லால் குத்தினாய் என்கிறான் யமன். முனிவர் கொதித்துவிட்டார். அறியாத வயதில் செய்த சின்னப் பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? பதினான்கு வயது வரை செய்வது பாவமாகாது என்று அன்றே எல்லை வகுத்தார். அளவு தவறித் தண்டித்த யமன் விதுரனாக மண்ணில் பிறக்க வேண்டியதாயிற்று. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவும் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது எதையும் குற்றமாகக் கொள்வதில்லை.

ஆனால் குத்துப்பட்ட பூச்சிக்கு வலித்ததே! பாவம் இல்லை என்பதால் இழப்பு இல்லாமல் போகாது. அந்தப் பாரம் பெரியவர்கள் மேல்தான் விழும். ஆயர்பாடியில் பானை உடைந்தபோது பெண்கள் முறையிட்டது யசோதையிடம். அவளும் கண்ணனை உரலில் கட்டினாள். பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் பொருளை வைத்தவர்களுக்கும் அந்தப் பாரத்தில் ஒரு பங்கு உண்டு. பொருளைக் காப்பவரின் கடமை தாராசுரத்தில் கண்ணெதிரே தெரிகிறது. ஐராவதேசுவரர் கோயிலின் பலிபீடப் படிகளைத் தட்டினால் ஸ்வரம் எழும். தட்டித் தட்டித் தேயும் என்பதால் இப்போது சுற்றிலும் இரும்புக் கிராதி.

பிள்ளையைத் திட்டுவதற்கு முன் நம் கைகளைப் பார்க்க வேண்டும். தூண் சிற்பத்தின் முகத்தில் எண்ணெய் வழிய விடுவது யார்? மிச்சத் திருநீற்றைச் சிலையின் மடியில் கொட்டுவது யார்? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். ஆனாலும் சுவரில் ஆணியால் பேர் கீறுவது நிற்கவில்லை. இடுப்பில் இருக்கும் குழந்தை அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த முறை கோயிலுக்கோ அருங்காட்சியகத்துக்கோ போகும்போது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வாசலிலேயே பிள்ளைக்குச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதையும் மீறி ஏதாவது உடைந்துவிட்டால், நைசாக நழுவாமல் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காவலரிடம் போய்ச் சொல்லுங்கள்.